வன்தட்டு ‘ஃபோர்மட் செய்யவும்’ என்று கேட்கிறது: உள்ளே உள்ள நினைவு மலர்க் கோப்புகளை மீட்பது எப்படி?

அச்சுக்கூடம்13 | வெள்ளி, காலை 9.20

எல்லோருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் கணினி அச்சமைப்பு நிலையம் ஒன்றை நடத்துகிறேன். கோயில் மலர்கள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றோடு, 31ஆம் நாள் கிரியைக்கு வெளியிடப்படும் நினைவு மலர்களையும் செய்து கொடுக்கிறேன். இந்த வேலைகள் யாவும் 1 டெராபைட் கொள்ளளவுள்ள 2.5 அங்குல வெளி வன்தட்டு ஒன்றில் இருந்தன. நேற்று மாலை ஒரு கோப்புறையைப் பிரதி செய்துகொண்டிருந்தபோது வேகம் குறைந்துகொண்டே போய் அடியோடு நின்றுவிட்டது. சற்று நேரத்தில் ‘டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்ற செய்தி வந்தது. கழற்றி மீண்டும் இணைத்தபோது, இந்த வன்தட்டைப் பயன்படுத்த முன்னர் ஃபோர்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கிறது. எதையும் அழுத்தாமல் மூடிவிட்டேன். தட்டு சுழலும் ஒலி வழமைபோலவே கேட்கிறது. ‘டிக் டிக்’ என்ற சத்தம் இல்லை.

அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டிய, காலமான அம்மையார் ஒருவரின் நினைவு மலரும் அதில்தான் இருக்கிறது. மலரின் பக்கங்களை மீண்டும் இருந்து அடுக்கிவிடலாம். ஆனால் பழைய அல்பங்களிலிருந்து ஸ்கான் செய்த குடும்பப் படங்களை அப்படி உருவாக்க முடியாது. அல்பங்களைக் கொண்டு வந்தவர் அவற்றோடு கனடாவுக்குத் திரும்பிவிட்டார். எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மருதானைக்காரன் | வெள்ளி, காலை 9.48

வணக்கம் அண்ணா. கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘செக்டிஸ்க்’ கட்டளையை ‘எஃப்’, ‘ஆர்’ ஆகிய தெரிவுகளோடு இயக்குங்கள். இதே செய்தி காட்டிய ஒரு வன்தட்டு, அதன் பின்னர் எனக்கு வழமைபோல் திறந்தது; கோப்புகள் எல்லாம் இருந்தன.

தரவுக்காவல் | வெள்ளி, காலை 10.35

அச்சுக்கூடம் ஐயா, முதலில் அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். மீதியை அதன் பின்னர் ஆறுதலாக வாசிக்கலாம். பழுதடையும் வன்தட்டு ஒன்றுக்கு மின்சாரம் ஏறியிருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் செலவுதான். விண்டோஸ் அதைத் திறக்க முயன்றுகொண்டே இருக்கும்; படிக்க முடியாத பகுதியை வன்தட்டு தானாகவே மீண்டும் மீண்டும் படிக்க முயலும்; உங்களுக்கு ஒரு கோப்பும் கிடைக்காமலேயே வட்டின் பழுது கூடிக்கொண்டிருக்கும்.

மருதானைக்காரன் சொன்ன செக்டிஸ்க் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் கொழும்பில் எந்தக் கடையில் கேட்டாலும் முதலில் கிடைக்கும் யோசனை அதுதான். செக்டிஸ்க் என்பது கோப்பு முறைமையைச் சீராக்கும் கருவி. முறைமையின் பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். உங்கள் படம் பிழைக்க வேண்டும் என்பது அதன் நோக்கத்தில் இல்லை. ஒரு பதிவு பொருந்தவில்லை என்றால் அதை நீக்கிவிடும். உரிமை கோர ஆளில்லாத துண்டுகளை ‘ஃபவுண்ட்’ என்ற மறைவான கோப்புறையில், ‘சிஎச்கே’ என்ற பின்னொட்டோடு, பெயரில்லாக் கோப்புகளாகக் கொட்டும். ‘ஆர்’ தெரிவையும் சேர்த்தால் வட்டு முழுவதையும் பகுதி பகுதியாகப் படித்துப் பார்க்கும். நல்ல நிலையிலுள்ள வன்தட்டைப் பாதுகாப்பாக அகற்றாமல் பிடுங்கியதால் வந்த குழப்பம் என்றால் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும்; மருதானைக்காரனுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். ஆனால் ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்ற செய்தி, வன்தட்டிலிருந்து தரவைப் பிழையின்றிப் படிக்க முடியவில்லை என்பதைக் குறிக்கிறது. படிக்கவே சிரமப்படும் வட்டில் எழுதவும் அழிக்கவும் உரிமையுள்ள ஒரு கருவியை ஏவுவது, மீட்கக்கூடியதை மீட்க முடியாததாக்கும் வழி.

ஆகவே வரிசை இதுதான். வன்தட்டின் உடல்நிலையை அறிய வேண்டும். அது இடம் கொடுத்தால், முழு வட்டையும் அப்படியே இன்னொரு வட்டில் ஒரு படிமமாக எடுக்க வேண்டும். மீட்பு வேலை எதுவாக இருந்தாலும் அந்தப் படிமத்தின் மீதே நடக்க வேண்டும், மூல வட்டின் மீது அன்று. இந்த வரிசையை மாற்றச் சொல்லும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும், என்னிடமிருந்து வந்தாலும், ஏற்காதீர்கள்.

உடல்நிலையை விண்டோஸில் பார்க்க வேண்டாம். ‘சிஸ்டம் ரெஸ்க்யூ’ என்ற லினக்ஸ் வெளியீட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். அது உங்கள் வன்தட்டைத் தானாகத் திறக்காது. அதிலுள்ள ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை, வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். 5, 197, 198, 199 ஆகிய இலக்கங்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்புகளை இங்கே எழுதுங்கள். (விண்டோஸில் ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ மென்பொருளில் இவற்றைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது மூல மதிப்புகளை வழமையாகப் பதினறும எண்களில் காட்டும். அங்கே 10 என்றிருந்தால் அது 16 ஆகும்.)

இணைப்பு வடத்தைக் குறுகியதாகத் தெரிவுசெய்யுங்கள். ஹப் எதையும் இடையில் வைக்காமல், கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். 2.5 அங்குல வட்டுகள் யூஎஸ்பி வழியாக வரும் மின்சாரத்திலேயே ஓடுவதால், மின்னழுத்தம் போதாமல் போவதே சில வேளைகளில் முழுப் பிரச்சினையாகவும் இருக்கும்.

அச்சுக்கூடம்13 | வெள்ளி, மாலை 4.10

தரவுக்காவல் அண்ணா, நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். 5க்கு எதிரே சுழியம். 197க்கு எதிரே 312. 198க்கும் அதே 312. 199க்கு எதிரே சுழியம். இவற்றுக்கு என்ன பொருள்?

தரவுக்காவல் | வெள்ளி, மாலை 5.25

199 சுழியமாக இருப்பதால், வட்டின் இணைப்பில் தரவு சிதைந்ததற்கான தடயம் இல்லை. 197 என்பது, வன்தட்டு படிக்க முயன்று தோற்று, முடிவு சொல்லாமல் நிறுத்தி வைத்துள்ள பகுதிகளின் தொகை. 5 என்பது, கைவிடப்பட்டு வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் தொகை. உங்கள் வட்டு 312 பகுதிகளைப் படிக்க முடியாமல் வைத்திருக்கிறது. எதையும் இன்னும் மாற்றவில்லை. பெரும்பாலும், படிக்க முடியாத பகுதியின் மீது புதிதாக எதையாவது எழுதும்போதுதான் வன்தட்டு அதைச் சரிபார்த்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும், அல்லது மாற்றிடம் கொடுக்கும். ‘முழுமையாக ஃபோர்மட் செய்தேன், வட்டு சரியாகிவிட்டது’ என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே. வட்டு சரியாகத்தான் ஆகும். ஆனால் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபோர்மட் என்பது வட்டு முழுவதையும் சுழியங்களால் நிரப்புவது. கோப்புகள் அத்தோடு முடிந்துவிடும்.

312 என்பது பயப்பட வேண்டிய தொகை, ஆயினும் கைவிட வேண்டிய தொகை அன்று. ‘டிக் டிக்’ சத்தமும் இல்லை. வீட்டிலேயே படிமம் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். இடையில் சத்தம் தொடங்கினால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள்.

குளிர்ச்சாதனம் | வெள்ளி, இரவு 8.02

வன்தட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்தால் வேலை செய்யும் என்று பல இடங்களில் வாசித்திருக்கிறேன். அதையும் முயன்று பார்க்கலாமே?

ஆசிரியை_தகவல்தொழில்நுட்பம் | வெள்ளி, இரவு 8.40

தயவுசெய்து முயல வேண்டாம். வாசிப்புத் தலை, சுழலும் தட்டின் மேல் சில நனோமீற்றர் உயரத்தில்தான் மிதக்கிறது. உறைந்த வட்டைக் கொழும்பின் ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் சில நிமிடங்களிலேயே அதன் மேல் நீர் படியும். பெரும்பாலான வன்தட்டுகளில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்த ஒரு சிறு துவாரம் உண்டு என்பதால், உள்ளேயும் ஈரம் புகக்கூடும். அந்த நிலையில் தட்டைச் சுழற்றினால் வாசிப்புத் தலையும் தரவுப் பரப்பும் ஒன்றாகவே நாசமாகலாம். அவ்வாறே, மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் வேண்டாம். நம் வீட்டில் எவ்வளவு கூட்டித் துடைத்த அறையிலும் மிதக்கும் தூசித் துகள் ஒன்று, அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது.

என்னுடைய உயர்தர மாணவர்களிடமும் இதே கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. எங்கோ ஒருவருக்குப் பலித்தது என்ற செய்தி மட்டுமே பரவுகிறது. அதனால் வட்டை இழந்தவர்கள் அதைப் பற்றி எழுதுவதில்லை.

மருதானைக்காரன் | சனி, காலை 7.55

தரவுக்காவல் அண்ணாவின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. இறந்த ஒருவரின் படங்கள் இவை. மூலமும் நாட்டில் இல்லை. இப்படிப்பட்ட பெறுமதியான தரவை, லினக்ஸ் பழக்கமில்லாத ஒருவர் தானே கையாள்வதை விட, முதலிலேயே தரவு மீட்பு நிலையம் ஒன்றிடம் கொடுப்பதுதான் முறை. கட்டளையில் மூல வட்டையும் சேரும் வட்டையும் மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்?

தரவுக்காவல் | சனி, காலை 9.15

நியாயமான கேள்வி; இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ‘டிக் டிக்’ சத்தம் கேட்டாலோ, வட்டு சுழலாவிட்டாலோ, கீழே விழுந்திருந்தாலோ, தண்ணீர் பட்டிருந்தாலோ நான் உங்கள் பக்கம்தான். அப்போது வீட்டில் ஒரு தடவைகூட மின் கொடுக்கக் கூடாது. இங்கே நிலை வேறு: வட்டு அடையாளம் காணப்படுகிறது, அமைதியாகச் சுழல்கிறது, குறிப்பிட்ட சில பகுதிகள் மட்டுமே படிக்க மறுக்கின்றன. எந்த நிலையமானாலும் செய்ய வேண்டிய முதல் வேலையும் படிமம் எடுப்பதுதான்.

நிலையத்திடம் கொடுப்பவர்கள், கொடுக்க முன்னர் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். முதலில் படிமம் எடுப்பீர்களா, அல்லது மூல வட்டிலேயே மென்பொருளை ஓட்டுவீர்களா? வட்டைத் திறக்க நேர்ந்தால் அதற்குரிய தூய காற்று மேசை உங்களிடம் இருக்கிறதா, அல்லது வேறு நாட்டுக்கு அனுப்புவீர்களா? பிசி-3000 போன்ற மீட்புக் கருவி உண்டா? ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டணம் என்ன? திறந்த வட்டை எல்லாப் பாகங்களோடும் திருப்பித் தருவீர்களா? எடுத்த தரவின் பிரதியை உங்களிடம் எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? முதற் கேள்விக்கே தடுமாறும் இடத்தில் வட்டை ஒப்படைக்காதீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் நிறைய உண்டு. புதிய வட்டு வாங்கவும் வடம் வாங்கவும் அது அருமையான இடம். ஆனால் கணினி திருத்துவது ஒரு தொழில், தரவு மீட்பது இன்னொரு தொழில் என்பதை மறக்கக் கூடாது.

கட்டளையில் வட்டுகள் இடம் மாறும் ஆபத்தைக் குறைக்கவும் வழி உண்டு. சேருமிடமாக இன்னொரு வட்டைக் கொடுக்காமல், அந்த வட்டிலுள்ள ஒரு கோப்பைக் கொடுக்க வேண்டும். படிமம் எடுக்கும் மென்பொருளான ‘டிடி ரெஸ்க்யூ’, ஒரு முழு வட்டின் மீது எழுத வேண்டுமானால் ‘எஃப்’ என்ற கட்டாயத் தெரிவைக் கேட்கும். கோப்பில் எழுதுவதற்கு அது தேவையில்லை. அந்தத் தெரிவை எழுதவே எழுதாதீர்கள். அப்போது இடம் மாறினாலும் மென்பொருள் மறுத்துவிடும்.

செய்முறையைச் சொல்கிறேன். 2 டெராபைட் புதிய வட்டு ஒன்றை வாங்குங்கள். அது என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபெட் கோப்பு முறைமையில் இருக்கட்டும். ஃபெட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் அது உதவாது. சிஸ்டம் ரெஸ்க்யூவில் தொடங்கிய பின்னர், இரு வட்டுகளின் கொள்ளளவையும் தொடரிலக்கத்தையும் திரையில் பார்த்து, வட்டின் மேலொட்டிய தாளோடு ஒப்பிட்டு, எது எது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதன் பின்னர் டிடி ரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர்களைக் கொடுக்க வேண்டும்: முதலில் பழுதான வட்டு, அடுத்தது புதிய வட்டிலுள்ள படிமக் கோப்பு, மூன்றாவது வரைபடக் கோப்பு.

வரைபடக் கோப்புதான் இந்த மென்பொருளின் உயிர். எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது தோற்றது, எது இன்னும் தொடப்படவில்லை என்பதெல்லாம் அதில் பதிவாகும். மின்சாரம் போனாலும், வட்டு தொங்கி நின்றாலும், அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். படித்ததை மறுபடி படித்து வட்டை வதைக்காது. 2022இன் மின்வெட்டுக் காலத்தில் இந்த ஒரு கோப்பை நம்பித்தான் நான் வேலை செய்தேன். ஆகவே அதை, பென் டிரைவிலிருந்து தொடங்கிய லினக்ஸ் பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தில் வைக்காமல், புதிய வட்டிலேயே வையுங்கள். கணினியை நிறுத்தினால் தற்காலிக நினைவகத்தில் இருந்தது போய்விடும்.

முதற் சுற்றில் ‘என்’ என்ற தெரிவைச் சேருங்கள். அப்போது மென்பொருள் எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் முதலில் வாரி எடுக்கும்; அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிச் சென்று, அவற்றைத் துண்டு துண்டாகச் சுரண்டும் வேலையைப் பின்னுக்குத் தள்ளும். வட்டு எப்போது முற்றாக நிற்கும் என்று தெரியாத நிலையில், நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றுவதே விவேகம். சாதாரணமாகப் பிரதி எடுக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது: முதற் கெட்ட பகுதியிலேயே மோதி, அங்கேயே மல்லுக்கட்டி, பின்னாலிருக்கும் நல்ல பகுதிகளை எட்டுமுன் வட்டு செத்துப்போகும். முதற் சுற்று முடிந்ததும் ‘என்’ தெரிவை நீக்கி, நேரடி அணுகலுக்கான ‘டி’ தெரிவையும், ஓரிரு மறுமுயற்சிக்கான ‘ஆர்’ தெரிவையும் கொடுத்து இரண்டாம் சுற்றைத் தொடங்கலாம். செக்டிஸ்க்கின் ‘ஆர்’ வேறு, இது வேறு என்பதைக் கவனியுங்கள்.

நல்ல வட்டு ஒன்றில் 1 டெராபைட்டைப் படிக்க, வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில், 3 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கும். உங்கள் வட்டுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். கணினியை யூபிஎஸ்ஸில் இணையுங்கள். வட்டை மூடி வைக்காமல், அதன் மேல் மின்விசிறிக் காற்றுப் படும்படி சமமான இடத்தில் வைத்து, வேலை முடியும் வரை அசைக்காமல் விடுங்கள்.

அச்சுக்கூடம்13 | ஞாயிறு, இரவு 9.30

முதற் சுற்று முடிந்தது. படித்த அளவு 99 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. இரண்டு தடவை வட்டு திடீரெனக் காணாமற்போனது. கழற்றி, ஆற விட்டு, மீண்டும் இணைத்துத் தொடர்ந்தேன். வரைபடக் கோப்பு இருந்ததால் எதுவும் வீணாகவில்லை. இப்போது இரண்டாம் சுற்று ஓடுகிறது. மீதியுள்ள கெட்ட பகுதிகளில் பெரும்பாலானவை வட்டின் தொடக்கத்துக்கு அருகில், 3 ஜிகாபைட்டைத் தாண்டிய ஓர் இடத்தில் குவிந்திருப்பதாகத் தெரிகிறது.

தரவுக்காவல் | ஞாயிறு, இரவு 10.15

மிக நல்ல செய்தி, ஐயா. அந்தக் குவியல்தான் விண்டோஸ் ஏன் ஃபோர்மட் கேட்டது என்பதை விளக்குகிறது. என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும், வழமையாக 1,024 பைட் அளவில், ஒரு பதிவு உண்டு. கோப்பின் பெயர், திகதி, அது எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது, அதன் உள்ளடக்கம் வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்பன அந்தப் பதிவில் இருக்கும். இந்தப் பதிவுகளின் தொகுப்பை முதன்மைக் கோப்பு அட்டவணை என்கிறோம். விண்டோஸ் ஃபோர்மட் செய்த பெரிய வட்டுகளில், அது பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து 3 ஜிகாபைட் தூரத்தில்தான் தொடங்கும். அதன் பிரதி ஒன்றும் வட்டில் உண்டு, ஆனால் அந்தப் பிரதியில் முதல் நான்கு பதிவுகள் மட்டுமே இருக்கும். ஆகவே அட்டவணையின் நடுவில் இழந்த பதிவுகளை மீட்க வேறு மூலம் இல்லை. ஆனால் மிகச் சிறிய கோப்புகளைத் தவிர மற்றவற்றில், பதிவு போனாலும் உள்ளடக்கம் பெரும்பாலும் வட்டில் அப்படியே கிடக்கும்.

எனவே எஞ்சிய பதிவுகள் வழியாகத் தேடுவது, உள்ளடக்கத்தை நேரடியாகத் தேடுவது என்ற இரு வழிகளையும் பயன்படுத்த வேண்டியிருக்கும். முதலில் மூல வட்டைக் கழற்றி, திகதி எழுதி, அலுமாரியில் வைத்துவிடுங்கள். படிமத்துக்கு இன்னொரு பிரதி எடுக்க இடமிருந்தால் எடுங்கள். அதன் பின்னர் படிமத்தை ‘டிஎம்டிஇ’ அல்லது ‘டெஸ்ட்டிஸ்க்’ மென்பொருளில் திறவுங்கள். எஞ்சியுள்ள பதிவுகளை வைத்து, பெயர்களோடும் கோப்புறைகளோடும் கிடைப்பதை எல்லாம் இவை காட்டும். டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பில், ஒரு தடவைக்கு ஒரு கோப்புறையிலிருந்து 4,000 கோப்புகள் வரை எடுக்கலாம்; உங்கள் தேவைக்கு அது போதும்.

அவ்வழியில் கிடைக்காதவற்றுக்கு, டெஸ்ட்டிஸ்க்கை உருவாக்கிய அதே பிரெஞ்சு நிரலாளரான கிறிஸ்தோஃப் கிரெனியே வழங்கும் ‘ஃபோட்டோரெக்’ இருக்கிறது. அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் படம், பிடிஎஃப், வேர்ட் ஆவணம் போன்ற கோப்பு வகைகள் தமக்கே உரிய பைட்டுகளோடு தொடங்கும். அந்தத் தொடக்கங்களைத் தேடிப் படிமம் முழுவதையும் துருவி எடுக்கும். கோப்பின் பெயரும் கோப்புறையும் வராது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த கோப்புகள் பெரும்பாலும் முழுமையாக வராது. ஆனால் ஸ்கான் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேமிக்கப்பட்டவை, பின்னர் திருத்தப்படாதவை. அவை தொடர்ச்சியாகக் கிடக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு வகையை ஃபோட்டோரெக் அறியாவிட்டால், பென் டிரைவிலோ வேறு எங்காவதோ இருக்கும் நல்ல கோப்பு ஒன்றின் தொடக்கப் பைட்டுகளைப் பார்த்து, அதற்குரிய அமைப்புக் கோப்பில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: சரிபார்ப்புக்காகக் குடும்பத்தினருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பிடிஎஃப் பிரதிகள் உங்கள் அனுப்பிய கோப்புறையில் இருக்குமே, பார்த்தீர்களா? மீட்பு வேலையில் தலையைக் கொடுத்தவர்கள் இந்த எளிய இடத்தைப் பார்க்க மறந்துவிடுவது வழக்கம்.

நிழற்படம்06 | திங்கள், காலை 8.05

இடையில் ஒரு கேள்வி, அண்ணா. நான் வெள்ளவத்தையில் நிழற்படக் கலையகம் வைத்திருக்கிறேன். மடிக்கணினியின் எஸ்எஸ்டியில் ஒரு திருமணக் கோப்புறை அழிக்கப்பட்டுவிட்டது. மறுசுழற்சித் தொட்டியிலும் இல்லை. இதே முறை எனக்கும் பொருந்துமா?

தரவுக்காவல் | திங்கள், காலை 8.50

தம்பி, பெரும்பாலும் பொருந்தாது. எஸ்எஸ்டியில் ஒரு கோப்பை அழித்தால், அந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் ‘டிரிம்’ கட்டளை மூலம் வட்டுக்குச் சொல்லிவிடும். அதன் பின்னர் அங்கே படித்தால் பெரும்பாலும் சுழியங்களே கிடைக்கும். கமராவின் நினைவக அட்டையை எடுத்துத் தனியே வையுங்கள், அதில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். உங்கள் நம்பிக்கை அந்த அட்டையில்தான் இருக்கிறது. அட்டைக்குப் படிமம் எடுத்து ஃபோட்டோரெக்கை ஓட்டிப் பாருங்கள். கமராப் படங்களுக்காகவே தொடங்கப்பட்ட மென்பொருள் அது.

அச்சுக்கூடம்13 | திங்கள், மாலை 6.40

டிஎம்டிஇயில் கோப்புறைகள் பெருமளவில் பெயரோடு வந்துவிட்டன. ஆனால் நினைவு மலரின் கோப்புறை அவற்றில் இல்லை. ஃபோட்டோரெக் எடுத்துத் தந்தவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன; எல்லாவற்றுக்கும் எண்களே பெயர். வேர்ட் ஆவணங்களைத் திறந்தால் பலவற்றில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவிந்து கிடக்கின்றன. நான் இதைச் செய்வது எழுத்துரு நிறுவப்படாத மடிக்கணினி ஒன்றில். அம்மையாரின் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. இவை சிதைந்த கோப்புகளா?

ஆசிரியை_தகவல்தொழில்நுட்பம் | திங்கள், மாலை 7.20

இல்லை ஐயா, ஒன்றையும் அழித்துவிடாதீர்கள். நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். நம் நாட்டு அச்சகங்களில் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு நடக்கிறது. அது யூனிகோட் அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. கோப்பினுள்ளே உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. பாமினியை அந்த மடிக்கணினியில் நிறுவினால் ஆவணங்கள் தமிழாகத் தெரியும்.

தேடல் பலிக்காததற்கும் இதுவே காரணம். யூனிகோட் தமிழில் ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால், பாமினியில் தட்டிய ஆவணத்தில் ஒருபோதும் கிடைக்காது. ஊர்ப் பெயரைப் பாமினி விசைப்பலகையில் நீங்கள் எப்படித் தட்டுவீர்களோ அப்படியே, ஆங்கில எழுத்துகளாகத் தேடற் பெட்டியில் கொடுங்கள். ஊர்ப் பெயர் பல மலர்களில் வரும் என்பதால், அந்த அம்மையாரின் குடும்பத்துக்கு மட்டுமே உரிய அபூர்வமான பெயர் ஒன்றைத் தெரிவுசெய்வது நல்லது. பழைய வேர்ட் ஆவணங்களில் இது எளிது. புதிய முறை ஆவணங்கள் உள்ளே சுருக்கப்பட்டிருப்பதால், ஆவணங்களின் உள்ளடக்கத்தையும் திறந்து தேடும் மென்பொருளே வேண்டும்; விண்டோஸின் தேடலே அதைச் செய்யும், அந்தக் கோப்புறையை அட்டவணைப்படுத்தச் சொன்னால் போதும்.

படங்களுக்கு வேறு வழி. ஸ்கானர் கொடுத்த படங்களின் அகல உயர அளவு கமராப் படங்களிலிருந்து வேறுபடும். கோப்பின் அளவும் பெரிதாக இருக்கும். அளவின்படி வரிசைப்படுத்திச் சிறுபடங்களாகப் பார்த்தால் விரைவில் கண்ணில் படும். பல ஸ்கானர்கள் படத்தினுள்ளே திகதியைப் பதிவதில்லை, ஆகவே திகதி வரிசையை நம்ப வேண்டாம்.

இந்த மலர்கள் ஒரு குடும்பத்தின் வரலாறு மட்டுமன்று, ஓர் ஊரின் வரலாறும் ஆகும். ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்களும் சேர்க்கப்பட்டு யாவரும் வாசிக்கக் கிடைக்கின்றன. உங்கள் கையிலுள்ள பழைய மலர்களைக் குடும்பங்களின் சம்மதத்தோடு அங்கே கொடுத்தால், உங்கள் வட்டுக்கு என்ன ஆனாலும் அவை இருக்கும்.

மருதானைக்காரன் | திங்கள், இரவு 8.10

பாமினிச் சொல்லாகத் தேடும் இந்த வழி எனக்கும் புதிது. குறித்து வைத்துக்கொண்டேன், ரீச்சர்.

அச்சுக்கூடம்13 | செவ்வாய், மாலை 3.30

கிடைத்துவிட்டது. அம்மையாரின் பேரனுடைய பெயரைப் பாமினி விசைகளில் கொடுத்துத் தேடியதில் வாழ்க்கை வரலாறு, தேவாரத் திரட்டு, நன்றி நவிலல் ஆகிய மூன்றும் அகப்பட்டன. மின்னஞ்சலில் முதற்படிவப் பிடிஎஃப் ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்துப் பக்கங்களை மீண்டும் அடுக்குகிறேன். ஸ்கான் படங்கள் ஏறத்தாழ எல்லாம் வந்திருப்பதாகவே தெரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் திறந்து உருப்பெருக்கிப் பார்க்க நேரம் போதாது. எந்தப் படம் உள்ளே பழுதடைந்திருக்கிறது என்று அறிய வழி உண்டா, அண்ணா?

தரவுக்காவல் | செவ்வாய், மாலை 5.00

உண்டு, அதுவும் டிடி ரெஸ்க்யூவிலேயே உண்டு. அதன் நிரப்பும் முறையைப் பயன்படுத்தி, வரைபடக் கோப்பில் தோல்வி என்று குறிக்கப்பட்ட பகுதிகளை மட்டும், நீங்கள் தெரிவுசெய்யும் ஒரு சொல்லால் நிரப்பலாம். வேறு எந்தக் கோப்பிலும் வர வாய்ப்பில்லாத ஒரு சொற்றொடரைக் கொடுங்கள். இதைப் படிமத்தின் பிரதியில் செய்யுங்கள், மூலப் படிமத்தில் செய்ய வேண்டாம். அதன் பின்னர் அந்தப் பிரதியிலிருந்து கோப்புகளை மீண்டும் எடுத்து, அவற்றினுள்ளே அந்தச் சொற்றொடரைத் தேடுங்கள். எந்தெந்தக் கோப்பில் அது வருகிறதோ அவைதான் படிக்க முடியாத பகுதியால் பாதிக்கப்பட்டவை. அது இல்லாத கோப்பில் ஒரு குறை தெரிந்தால், துண்டுகளாகச் சிதறிக் கிடந்ததே காரணமாக இருக்கலாம். அதை டிஎம்டிஇ வழியாக இன்னொரு தடவை தேடிப் பார்க்கலாம்.

பழுதடைந்த ஜேபெக் படங்களில், பழுது தொடங்கும் இடத்துக்கு மேலே உள்ள பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கீழ்ப்பகுதி நிறம் மாறியோ சாம்பலாகவோ தெரியும். முகங்கள் மேற்பகுதியில் இருந்தால் வெட்டிப் பயன்படுத்தலாம்.

மலர் அச்சுக்குப் போகும் வரை படிமத்தையும் வரைபடக் கோப்பையும் அழிக்காதீர்கள். அந்த வட்டை முழு ஃபோர்மட் செய்து திரும்பப் பயன்படுத்த நினைக்கவும் வேண்டாம். 312 பகுதிகளைப் படிக்க முடியாமற்போன வட்டு வேலைக்கு நம்பத்தக்கதன்று. இனிமேல் நடக்கும் வேலைக்கு, வேறு வேறு இரண்டு ஊடகங்களில் மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று நிலையத்துக்கு வெளியே என்ற ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். வெளியே இருக்கும் பிரதியை உங்கள் வீட்டில் வைத்தாலும் போதும், ஆனால் நிலையமும் வீடும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது.

அச்சுக்கூடம்13 | வியாழன், காலை 11.15

நிரப்பித் தேடியதில் பாதிக்கப்பட்ட படங்கள் இரண்டு மட்டுமே என்று தெரிந்தது. ஒன்றில் கீழ் ஓரம் மட்டும் போயிருந்தது, வெட்டிச் சேர்த்துவிட்டேன். மற்றது ஒரு திருமணக் குழுப்படம். அதை மட்டும் கனடாவிலிருப்பவர் நேற்றிரவு மீண்டும் ஸ்கான் செய்து அனுப்பியிருக்கிறார். இன்று காலை மலரை அச்சகத்திடம் ஒப்படைத்தேன். தரவுக்காவல் அண்ணாவுக்கும் ரீச்சருக்கும் அந்தக் குடும்பத்தின் சார்பிலும் என் நன்றி. ‘டிஎம்டிஇ’யில் மீண்ட பழைய மலர்களைப் பட்டியலிடத் தொடங்கியிருக்கிறேன், எவற்றை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று குடும்பங்களிடம் கேட்க அந்தப் பட்டியல் தேவைப்படும்.